வியாழக்கிழமை ராத்திரி மேட்ச்

அன்புள்ள ஐயாவுக்கு,

டெக்சாஸ்ல கறுப்பினப் பிள்ளைங்க ஸ்கூலுக்குன்னு தனியா இருந்த விளையாட்டு லீக்கை 1970-ல மூடினாங்கன்னு போன வாரம் எழுதியிருந்தீங்க. அதுல ஒரு வருத்தம் தெரிஞ்சுது. நான் பி.டி. மாஸ்டரா இருந்து ரிடையர் ஆனவன். எனக்கு ஒண்ணு புரியல. வெள்ளைக்காரப் பிள்ளைக்கு ஒரு லீக், கறுப்புப் பிள்ளைக்கு ஒரு லீக்னு வச்சதே அநியாயம். அது ஒழிஞ்சதுக்கு சந்தோஷம்தானே படணும்?

ஒரு வாசகர், தேனி

வணக்கம் சார்,

நியாயமான கேள்வி. பிரிச்சு வச்சது அநியாயம்தான், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சேர்த்தாங்களே, அந்த விதம்தான் என் மனசை அறுக்குது. போன வாரம் அதை அவசரத்துல ரெண்டு வரில முடிச்சுட்டேன், இப்ப கொஞ்சம் விவரமா சொல்றேன்.

டெக்சாஸ்ல ஸ்கூல் போட்டிகளை நடத்துறது யு.ஐ.எல்.னு ஒரு அமைப்பு, 1910-லேர்ந்து இருக்கு, ஆனா அப்ப வெள்ளைக்காரப் பிள்ளைங்க ஸ்கூலுக்கு மட்டும்தான் அதுல இடம். கறுப்பின ஆசிரியர்கள் எத்தனை நாள் வாசல்லயே நிப்பாங்க, 1920-ல அவங்களே ஒரு லீக் ஆரம்பிச்சாங்க, அதை கறுப்பினப் பிள்ளைங்க படிச்ச பிரெய்ரி வியூ காலேஜ் எடுத்து நடத்துச்சு, அதனால பிரெய்ரி வியூ லீக்னு பேர், சுருக்கமா பி.வி.ஐ.எல். ஃபுட்பால், பாஸ்கெட்பால், ஓட்டம் மட்டும் இல்ல சார், பேச்சுப்போட்டி, பாட்டு, டைப்ரைட்டிங் எல்லாமே உண்டு. உச்சத்துல கிட்டத்தட்ட 500 ஸ்கூல் அதுல இருந்துச்சு, அதுல நிறைய சின்ன ஊர் ஸ்கூல்.

அமெரிக்காவுல ஸ்கூல் ஃபுட்பால்னா வெள்ளிக்கிழமை ராத்திரிதான், ஊரே ஸ்டேடியத்துல இருக்கும். (நம்ம ஃபுட்பால் இல்ல, பந்தைக் கையில இடுக்கிட்டு ஓடற ஆட்டம்.) ஆனா வெள்ளிக்கிழமை ஸ்டேடியம் வெள்ளைக்கார ஸ்கூலுக்கு. இவங்களுக்கு புதன், வியாழன்தான் கிடைக்கும். போட்டுக்கிற பேட், ஹெல்மெட், ஜெர்சி எல்லாம் பல இடத்துல வெள்ளைக்கார ஸ்கூல் போட்டுக் கழிச்சது. மறுநாள் காலைல கிளாஸ் இருக்கும்போது வியாழக்கிழமை ராத்திரி வேற ஊர்ல மேட்ச் ஆடிட்டு பஸ்ல திரும்பறது எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, நீங்களே எத்தனை தடவை பிள்ளைங்களைக் கூட்டிட்டு போயிருப்பீங்க.

இந்த நிலைமைலதான் ஹூஸ்டன்ல யேட்ஸ் ஸ்கூலுக்கும் வீட்லி ஸ்கூலுக்கும் வருஷா வருஷம் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னைக்கு ஒரு மேட்ச் நடக்கும், 1927-லேர்ந்து 1966 வரைக்கும், பிற்பாடு அதுக்கு 30,000 பேருக்கு மேல கூட்டம் வந்துச்சு, ஸ்கூல் பசங்க மேட்ச் சார் அது! நல்ல துணி போட்டுக்கிட்டு குடும்பம் குடும்பமா வருவாங்க. அந்த வீட்லி ஸ்கூல்ல 1952-ல படிச்சு முடிச்ச ஒரு பொண்ணுதான் பார்பரா ஜோர்டன், பின்னாடி 1972-ல அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு ஜெயிச்சுப் போனவங்க.

ஆட்டக்காரங்க பேரை எடுத்தா நிறுத்த மனசு வராது. டிக் லேன், ஆஸ்டின்ல ஆண்டர்சன் ஸ்கூல், 1952-ல புரொஃபஷனல் ஃபுட்பால் லீக்ல முதல் வருஷமே எதிராளி போட்ட பந்தை 14 தடவை பறிச்சார், ஒரே சீசன்ல, இன்னைக்கு வரைக்கும் அந்த ரெக்கார்டை யாரும் தாண்டல, அப்ப சீசனுக்கு மொத்தம் 12 மேட்ச்தான், இப்ப அதைவிட அதிகம். போமான்ட் ஊர்ல வில்லி ரே ஸ்மித்னு ஒரு கோச், அவர்கிட்டயே ஆடி வளர்ந்த மகன் பப்பா ஸ்மித்தை 1967-ல நாட்டுலயே முதல் ஆளா புரொஃபஷனல் டீம் எடுத்துச்சு. லஃப்கின்ல டன்பார் ஸ்கூல்லேர்ந்து கென் ஹூஸ்டன், டெம்பிள்ங்கற ஊர்ல இன்னொரு டன்பார் ஸ்கூல்லேர்ந்து ஜோ கிரீன், ரெண்டு பேருமே புரொஃபஷனல் ஃபுட்பால்ல பெரிய பேர் எடுத்தவங்க. பேஸ்பால்ல 512 ஹோம் ரன் அடிச்ச எர்னி பேங்க்ஸ் கூட டல்லாஸ்ல கறுப்பினப் பிள்ளைங்களுக்குன்னு இருந்த ஸ்கூல்ல படிச்சவர்தான், அவர் படிச்சப்ப அங்க பேஸ்பால் டீமே கிடையாது!

சரி, உங்க கேள்விக்கு வரேன். பிரிச்சு வைக்கிறது சட்டப்படி செல்லாதுன்னு 1954-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு, டெக்சாஸ் இழுத்தடிச்சுது, 1967-லதான் கறுப்பின ஸ்கூல்கள் யு.ஐ.எல்.குள்ள ஆட ஆரம்பிச்சுது, 1970-ல பழைய லீக் முடிஞ்சுது. ரெண்டு ஸ்கூலை சேர்க்கணும்னா எது போகணும்? பெரும்பாலான ஊர்ல ஒரே பதில்தான் சார். மூடினது கறுப்பின ஸ்கூல். இல்லன்னா ஹைஸ்கூலா இருந்ததை சின்னப் பிள்ளைங்க ஸ்கூலா இறக்கினாங்க. பேர், கலர், ஸ்கூல் பாட்டு எல்லாம் வெள்ளைக்கார ஸ்கூலோடது தங்குச்சு. இருபது வருஷம் டீமை நடத்தி ஜெயிக்க வச்ச ஹெட் கோச்சை புது ஸ்கூல்ல அசிஸ்டென்டா போட்டாங்க, சில பேருக்கு அதுவும் இல்ல. பிள்ளைங்க சேர்ந்தாங்க, வாத்தியாருங்க உதிர்ந்துட்டாங்க. உங்க ஸ்கூல்ல ஹெச்.எம். ரூம் பீரோ மேல ஷீல்டு வரிசையா இருந்திருக்கும், அதுல எந்த ஷீல்டு எந்த வருஷம், யார் கேப்டன்னு நீங்க தூக்கத்துல கேட்டாலும் சொல்வீங்க இல்லையா, அந்த மாதிரி ஷீல்டையும் கப்பையும்தான் அங்க பல ஊர்ல ஸ்கூலை மூடினப்ப குப்பைல போட்டாங்க.

லீக் இன்னும் இருந்திருக்கணும்னு நான் சொல்லவே இல்ல. அந்த ஷீல்டைத் தூக்கிட்டு வந்து புது ஸ்கூல் பீரோல ஒரு தட்டு ஒதுக்கியிருக்கலாம், அந்த கோச்சை கோச்சாவே விட்டிருக்கலாம், காசா பணமா சார். ஜோ கிரீன் வாழ்க்கைக் குறிப்பை எடுத்துப் பாருங்க, படிச்ச ஸ்கூல் டன்பார், டெம்பிள், டெக்சாஸ்னு போட்டிருக்கும். டெம்பிள் ஊர்ல அந்தப் பேர்ல இப்ப ஹைஸ்கூல் கிடையாது.