வண்டி ஒரு பக்கமா இழுக்குதா? சேஸிஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

கேள்வி: அண்ணா வணக்கம். என்கிட்ட இருக்கிறது 125 சிசி வண்டி, வாங்கி ஆறு வருசம் ஆச்சு. பின் டயர் தேஞ்சு போச்சுன்னு போன மாசம் புதுசு போட்டேன், அதுலருந்து நேரா போகவே மாட்டேங்குது. புடிய லேசா விட்டா இடது பக்கமாவே போகுது, நேரா ஓட்டுறப்ப பாத்தா ஹேண்டில் கொஞ்சம் வலது பக்கம் திரும்பியே இருக்கு. ஒரு மெக்கானிக் பாத்துட்டு சேஸிஸ் பெண்டு, எல்லாத்தையும் இறக்கி பெண்டு எடுக்கணும்ங்கறாரு. வண்டி இதுவரைக்கும் எங்கயும் விழுந்ததே இல்லீங்க. செலவு பண்ணலாமா?
- வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: இப்போதைக்கு பண்ணாதீங்க தம்பி. விழாத, இடிக்காத வண்டிக்கு சேஸிஸ் தானா வளையறது ரொம்ப அபூர்வம். டயர் மாத்தற வரைக்கும் நல்லா போச்சு, மாத்தினதுலருந்து இழுக்குதுன்னு நீங்களே எழுதிட்டீங்க, அப்ப கடைசியா எதுல ஸ்பேனர் போட்டாங்களோ அங்கருந்துதான தேடணும்?

பின் வீலைக் கழட்டுறப்ப ஆக்சில் (வீலோட நடுவுல போற கம்பி) நட்டையும் செயின் அட்ஜஸ்டரையும் லூஸ் பண்ணுவாங்க. திரும்ப மாட்டுறப்ப அவசரத்துல செயின் டைட்டானா போதும்னு ஒரு பக்கத்த கூட இழுத்து, இன்னொரு பக்கத்த கம்மியா விட்டுட்டா ஆக்சில் கோணலா உக்காந்துரும். வலது பக்கம் கொஞ்சம் பின்னால போயிருச்சுன்னு வைங்க, பின் வீல் வலது பக்கமா பாக்கும், வண்டி இடது பக்கம் திரும்பப் பாக்கும், அத நேரா கொண்டுபோக நீங்க ஹேண்டில வலது பக்கம் புடிச்சுக்கிட்டே ஓட்டணும். நீங்க சொல்ற அடையாளம் அச்சு அசல் இதேதான்.

பின் வீல ரெண்டு பக்கமும் புடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்ம்ல ரெண்டு பக்கமும் கோடு போட்டிருக்கும், அட்ஜஸ்டர் ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல நிக்குதான்னு பாருங்க. அந்தக் கோட்ட மட்டும் நம்பிடாதீங்க, சில வண்டியில அதுவே லேசா முன்ன பின்ன இருக்கும். டேப்ப எடுத்து, ஸ்விங் ஆர்ம் சேஸிஸோட சேர்ற போல்ட்டோட நடுவுலருந்து ஆக்சிலோட நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து பாத்துருங்க.

அதுக்கப்புறம் நூல் போட்டுப் பாக்கணும், இது பைசா செலவில்லாத வேலை, ஆனா எத்தன பேரு செய்யறாங்கன்னு தெரியல. சென்டர் ஸ்டாண்டு போட்டு, கொத்தனார் நூல பின் டயருக்குப் பின்னால சுத்தி ரெண்டு பக்கமும் முன் டயர் தாண்டி இழுத்துப் புடிங்க, கூட ஒரு ஆள் வேணும். ஸ்டாண்டு இடிக்காத உயரத்துல, நூல் பின் டயரோட பின் ஓரத்தையும் முன் ஓரத்தையும் சும்மா தொட்டுட்டுப் போகணும். ஹேண்டில நேரா வெச்சா, பெரும்பாலும் முன் டயர் ஒல்லியா இருக்கிறதால ரெண்டு பக்கமும் நூலுக்கும் டயருக்கும் நடுவுல இடைவெளி வரும், அது ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருந்தா வீல் ரெண்டும் ஒரே கோட்டுல இருக்குன்னு அர்த்தம். இல்லன்னா ஆக்சில் நட்ட லூஸ் பண்ணி அட்ஜஸ்டர கால் சுத்து கால் சுத்தா திருப்பி சரி பண்ணுங்க, நட்ட முறுக்கினப்புறம் செயின் தொய்வயும் இன்னொரு தரம் பாத்துருங்க, ஏன்னா முறுக்கறப்ப அது மாறும்.

புது டயரையே ஒரு கண் பாருங்க. ரிம்ம ஒட்டி டயர்ல ஒரு மெல்லிசு கோடு சுத்தி வரும், அது எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி தெரியலன்னா டயர் ரிம்ல சரியா உக்காரல. காத்து எவ்வளவுன்னு வண்டியில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர பாத்துப் புடிங்க, பஞ்சர் கடைக்காரர் பழக்கத்துல அடிக்கற அளவு வேற.

இன்னொன்னு, டெஸ்ட் பண்றத ரோட்டோட இடது ஓரத்துல பண்ணாதீங்க. மழைத்தண்ணி வழியறதுக்காக ரோடு ஓரத்துப் பக்கம் சரிவா இருக்கும், அங்க நல்ல வண்டியும் லேசா இடது பக்கம் போகத்தான் செய்யும். ஆளில்லாத சமமான கிரவுண்டுல போக வர ரெண்டு திசையிலயும் ஓட்டிப் பாருங்க. ரெண்டு கையையும் எடுத்துட்டு ஓட்டுற வீரமெல்லாம் வேண்டாம், புடிய தளர்த்தினாலே தெரிஞ்சிரும். இவ்வளவும் சரியா இருந்து அப்பவும் இழுத்தா ஸ்விங் ஆர்ம் போல்ட்டுக்குள்ள இருக்கிற புஷ்ஷ பாக்கச் சொல்லுங்க, அது தேஞ்சிருந்தா பின் வீல பக்கவாட்டுல ஆட்டுனா ஆடும். சேஸிஸ் பேச்செல்லாம் அதுக்கப்புறம்.

கேள்வி: ஏற்காட்டுலருந்து சேலம் இறங்கறப்ப என் வண்டி ஒரு பக்கம்னு இல்லாம இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலையுதுங்க. ஹேண்டில் நடுவுல எங்கயோ மாட்டுற மாதிரி இருக்கு. முன் பிரேக் புடிச்சா டொக்குன்னு ஒரு சத்தம் வேற.
- எஸ்டேட் ஊழியர், ஏற்காடு

பதில்: கோன்செட்டுங்க, ஹேண்டில் திரும்பற கழுத்துல இருக்கிற பேரிங். இருபது ஹேர்பின் பெண்டும் பிரேக் புடிச்சே இறங்குறீங்க, ஒவ்வொரு தடவையும் பாரம் பூரா முன்னால வந்து அங்க இருக்கிற பால்ஸ் மேலதான் விழுது, நாளாக நாளாக ரேஸ்ல, அதாவது பால்ஸ் உருளற தடத்துல, குழி விழுந்துரும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின்னாடி ஒருத்தர அழுத்தச் சொல்லி முன் வீல தூக்கிட்டு, ஹேண்டில ஒத்த விரல்ல திருப்புங்க. நேரா வர்ற இடத்துல கிளிக்னு நின்னா குழி விழுந்தாச்சு. ஃபோர்க்க கீழ புடிச்சு முன்ன பின்ன ஆட்டினா ஆடுதுன்னா லூஸும் இருக்கு.

வெறும் லூஸ் மட்டும்னா டைட் பண்ணா போதும். குழி விழுந்தத டைட் பண்ணி அனுப்பறவங்க இருக்காங்க, சத்தம் நிக்கும், அலையறது இன்னும் மோசமாகும். மேல கீழ ரெண்டு கோனும் பால்ஸோட சேத்து மாத்திருங்க. மாத்தற வரைக்கும் கீழ வர்றதுக்கு பஸ் இருக்குல்ல.

கேள்வி: தனியா போனா நேரா போற வண்டி, வீட்டம்மா பின்னால உக்காந்தா மட்டும் இடது பக்கம் இழுக்குதே?
- வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: ஒரு பக்கமா கால் போட்டு உக்காருவாங்கள்ல, பாரம் இடது பக்கம்தான் சாயும், கொஞ்சமா இழுத்தா அது வண்டியோட கோளாறு இல்ல. ரொம்ப இழுத்தா பின் ஷாக் அப்சார்பர் ரெண்டுலயும் அட்ஜஸ்ட் பண்ற வெட்டு ஒரே நம்பர்ல இருக்கான்னு பாருங்க, வாட்டர் வாஷ் பண்றப்பவோ சர்வீஸ்லயோ ஒன்ன மட்டும் திருப்பி விட்டுருப்பாங்க. பின் டயர்ல ரெண்டு பேருக்கான காத்து அடிங்க. அவங்கள வலது பக்கம் கால் போட்டு உக்காரச் சொல்லிடாதீங்க, எதிர்ல வர்ற வண்டி அந்தப் பக்கம்தான் வருது.