ஹாலோவீன் கொண்டாடுவது கிறிஸ்தவ நம்பிக்கைக்கு முரணானதா?

கேள்வியைக் கேட்டிருப்பவர் அமெரிக்காவுக்குக் குடிவந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு தகப்பன். ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று மகள் வேடமணிந்து வரலாம் என்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சபையிலோ அது பிசாசின் பண்டிகை, வாசல்படியைக்கூட மிதிக்க விடாதீர்கள் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நின்று தவிக்கிறார். அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். நாங்களும் அதில் பல வருடங்கள் இருந்தோம்.

முரண் இல்லை என்பதுதான் இன்று என் பதில். ஆனால் எல்லோருக்கும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நான்கு வருடங்கள் அன்றைக்குப் பொழுது சாயும் முன்பே வாசல் விளக்கை அணைத்துவிடுவோம். அன்று மாலை குழந்தைகள் வேடமணிந்து வீடு வீடாகப் போவார்கள்; விளக்கு எரிந்தால் மிட்டாய் கேட்டு வரலாம், அணைந்திருந்தால் கதவைத் தட்டக்கூடாது என்பது இங்கே எல்லோரும் மதிக்கும் வழக்கம். நானும் என் கணவரும் மகனை அழைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்விடுவோம். வேதம் வாசிப்போம், மெதுவாகப் பாடுவோம். நான்காவது வருடம் மகனுக்கு ஐந்து வயது. என் மடியில் உட்கார்ந்திருந்தான். உதிர்ந்த இலைகளை மிதித்துக்கொண்டு சின்னக் கால்கள் எங்கள் வாசலை நோக்கி ஓடிவருவது கேட்டது. படிக்கட்டில் ஏறிய சத்தம் சட்டென்று நின்றது. "இங்கே விளக்கு இல்லை கண்ணே, வா" என்று ஒரு பெண் குரல். கால்கள் திரும்பிப் போயின. நான் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகன் தலையைத் திருப்பி என் முகத்தையே பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. யாரோ நம்மைத் தேடி வருகிறார்கள், நாம் ஒளிந்துகொள்கிறோம் என்பதை மட்டும் அவன் கற்றுக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகுதான் செவிவழிச் செய்திகளை விட்டுவிட்டு நானே தேடிப் படித்தேன்.

இந்தப் பெயரே திருச்சபையிலிருந்து வந்ததுதான். நவம்பர் 1 சகல பரிசுத்தவான்கள் திருநாள். அதற்கு முந்தைய மாலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடர் தேய்ந்து ஹாலோவீன் ஆனது. 8-ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் கிரகோரி ரோமில் பரிசுத்தவான்கள் அனைவருக்குமாக ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். 835-ல், போப் நான்காம் கிரகோரியின் காலத்தில், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட பேரரசர் லூயியின் ஆட்சிப் பரப்பெங்கும் நவம்பர் 1 திருநாளானது. மறுநாள்தான் நாம் கல்லறைத் திருநாள் என்று அழைக்கும் நவம்பர் 2. பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஏழைகள் இந்த நாட்களில் வீடு வீடாகப் போய் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லி, சின்ன அப்பங்களை வாங்கிக்கொண்டார்கள். கதவைத் தட்டிக் கேட்பதற்கு அதுவும் ஒரு வேர்.

மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். அயர்லாந்தில் ஆண்டின் அதே நாட்களில் சவன் என்ற பண்டிகை இருந்தது. அங்கே வாழ்ந்த கெல்டிய மக்களின் பழைய பண்டிகை. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லை அது. அந்த இரவில் மறு உலகத்தின் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை பழைய ஐரிஷ் கதைகளில் வருகிறது. ஆனால் அந்தக் கதைகள் எழுத்துக்கு வந்ததே கிறிஸ்தவம் அங்கே வேரூன்றிய பிறகு, பெரும்பாலும் துறவிகளின் கையால். "அன்றைக்கு நரபலி கொடுத்தார்கள், அந்தச் சடங்கைத்தான் உங்கள் பிள்ளை செய்கிறது" என்று மேடையில் முழங்கும் உறுதிக்கு அந்தச் சான்றுகள் போதவே போதாது. அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து அதற்குள் விளக்கு வைத்தார்கள். 1840-களின் பஞ்சத்துக்குத் தப்பி அவர்கள் பெருந்திரளாக அமெரிக்கா வந்தார்கள். குடைவதற்கு எளிதாக இங்கே பூசணிக்காய் கிடைத்தது.

இந்த வரலாற்றை வைத்து வாதத்தில் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன். அது தவறான வழி என்று பிறகு புரிந்தது. வேர் எது என்பதே தீர்ப்பு என்றால் நம்மிடம் எதுவும் மிஞ்சாது. நாம் சனிக்கிழமை என்று சொல்கிறோம். நம்மில் யாரும் சனியை வணங்கி அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான ஆங்கிலேயப் புராட்டஸ்டன்டுகள் இதே தர்க்கத்தைக் கடைசிவரை கொண்டுபோனார்கள். கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லை, புறஜாதியாரிடமிருந்து வந்தது என்று 1659-ல் அதைத் தடை செய்தார்கள். மீறினால் 5 ஷில்லிங் அபராதம். 1681 வரை அந்தச் சட்டம் இருந்தது. ஹாலோவீனுக்கு எதிராக இன்று கேட்கும் அதே வாக்கியங்கள் அன்று கிறிஸ்துமஸுக்கு எதிராகப் பேசப்பட்டன.

எனக்கு வழி காட்டியது பவுல் கொரிந்து சபைக்கு எழுதியது. அங்கே கடையில் விற்ற இறைச்சியில் ஒரு பகுதி விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டது. வாங்கலாமா கூடாதா என்று சபை இரண்டுபட்டிருந்தது. பவுலின் பதிலை முழுதாகப் படிக்க வேண்டும். கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடுங்கள், எங்கிருந்து வந்தது என்று துருவிக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறார். அதே அதிகாரத்தில், பேய்களுடைய பந்தியில் மட்டும் உட்காராதீர்கள் என்கிறார். அதாவது ஒரு பொருளின் பழைய வரலாறு வேறு, வழிபாட்டில் கலந்துகொள்வது வேறு. பிறகு மூன்றாவதாக ஒன்று சொல்கிறார்: இது படைக்கப்பட்டது என்று ஒருவன் உன்னிடம் சொன்னால், அவனுடைய மனச்சாட்சியை நினைத்துச் சாப்பிடாதே. முதலிரண்டையும் நான் சுலபமாகப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவதை ஒரு மனிதர் எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

எங்கள் சபையில் ஒரு மூத்த சகோதரர் இருக்கிறார். ஆவிகளை வரவழைத்துக் குறி சொல்லும் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர். ஓர் இலையுதிர் காலத்தில் சபைப் பிள்ளைகளுக்காக ஒரு மாலைக் கூட்டம் வைத்திருந்தோம். ஒரு சிறுவன் மண்டையோட்டு முகமூடி போட்டுக்கொண்டு ஓடிவந்து அவர்முன் குதித்தான். அவர் சிரிக்க முயன்றார். கோப்பையிலிருந்த காப்பி ததும்பி விரல்களில் வழிந்தது. மேசைமேல் அதை வைத்துவிட்டு வெளியே போய்த் தம் காரில் உட்கார்ந்துகொண்டார். நான் போய் அருகில் நின்றபோது, "உங்களுக்கு அது அட்டைம்மா. எனக்கு அப்படி இல்லை" என்றார். அன்றுவரை ஹாலோவீனை மறுப்பவர்கள் எல்லோரும் விவரம் தெரியாமல் பயப்படுகிறவர்கள் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன். இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவருக்கு அந்த நாள் முரண்தான். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அவரை மாற்ற நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

இது எங்களைப் போன்ற சபைகளுக்கு மட்டுமான கேள்வி அல்ல. யெகோவாவின் சாட்சிகள் இதை அறவே கொண்டாடுவதில்லை. பிற ஜாதியாரின் வழக்கங்களைப் பின்பற்றாதே என்ற கட்டளையைச் சுட்டி யூத வைதிகர் பலர் விலகி நிற்கிறார்கள். அதே காரணத்துக்காக இஸ்லாமிய அறிஞர் பலரும் கூடாது என்கிறார்கள். நான் எழுதுவது என் விசுவாசத்துக்குள் நின்றுதான்.

எங்கள் வீட்டில் இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்டால், வாசல் விளக்கு எரிகிறது. மகன் தேனீ, விண்வெளி வீரர், தீயணைப்பு வீரர் என்று வருடத்துக்கொரு வேடம் போட்டுவிட்டான். ஆவிகளிடம் கேள்வி கேட்கும் எழுத்துப் பலகை, சீட்டு வைத்துக் குறி பார்ப்பது போன்றவை விளையாட்டுக்குக்கூட எங்கள் வாசலைத் தாண்டாது. அஞ்சனம் பார்ப்பதையும் செத்தவர்களிடத்தில் குறி கேட்பதையும் உபாகமம் 18 நேராகவே விலக்குகிறது. அங்கே மனச்சாட்சிக்கு விட்டுவைக்க எதுவும் இல்லை. இரத்தம் வழியும் வேடங்களும் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். இது வேத கட்டளை அல்ல, என் முடிவு. அந்த வாரம்தான் யாரையாவது அடக்கம் செய்துவிட்டு வந்த வீட்டின் கதவையும் பிள்ளைகள் தட்டக்கூடும். சபைக் கூட்டத்துக்குப் பேய், எலும்புக்கூடு வேடம் எதுவும் வேண்டாம் என்று பெற்றோர்கள் நாங்களே பேசி முடிவு செய்தோம். அந்தச் சகோதரர் இப்போது வருகிறார், பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் குடைந்து கொடுக்கிறார்.

விளக்கைப் போட்ட முதல் வருடம் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வந்தார்கள். ஐந்து வருடமாக எதிர்வீட்டில் இருந்த பெண்மணியின் பெயரை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஐயா, உங்கள் மகளுக்கு வருகிறேன். கடிதத்துக்குப் பதில் எழுதும் முன் அவளிடமே கேளுங்கள். பேய் வேடங்களைக் கண்டு அவள் உண்மையாகவே பயந்தால் அன்று அனுப்ப வேண்டாம். ஆசிரியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மதக் காரணத்துக்காக விலகியிருக்கும் பிள்ளைகள் அவர்களுக்குப் புதிதல்ல, பெரும்பாலும் வேறு ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். அவள் ஆசைப்பட்டு, உங்கள் மனச்சாட்சியும் இடம் கொடுத்தால், அவளுக்குப் பிடித்த ஒரு மிருகத்தின் வேடத்தில் அனுப்புங்கள். உங்கள் மனைவியின் மனம் மட்டும் ஒப்பவில்லை என்றால் இந்த வருடம் பொறுத்திருங்கள். அவருடைய கலக்கத்தின்மேல் ஏறி நின்று இதைச் செய்ய வேண்டாம். போதகரிடம் மறைக்கவும் வேண்டாம். எங்கள் போதகரிடம் நான் சொன்னபோது அவர் உடன்படவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. இருவரும் சேர்ந்து ஜெபித்துவிட்டு வந்தோம்.