வாசகர் கேள்வி, பட்டறை பதில்: கத்திப் பிடிக்கு எது சரி?

கேள்வி: நானே செய்த கத்திக்கு மரப்பிடி போட்டேன். சில மாதங்களில் மரம் இரும்பை விட்டு விலகி, நடுவில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. வேறு பசை வாங்கவா?

பதில்: பசை மேல் பழி போடுவதற்கு முன்னால் மரத்தைப் பாருங்கள். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், அந்த ஈரம் மெல்ல வெளியேற வெளியேற மரம் குறுக்குவாட்டில் சுருங்கும். நீளவாட்டில் ஏறக்குறைய சுருங்கவே சுருங்காது. இரும்போ ஈரத்துக்கு அசைகிற பொருளே இல்லை, அதனால் ஒட்டிய இடம்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பிடிக்கு ஏற்றது வைரம் பாய்ந்த கட்டை, ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. ஈரமானி இல்லையா, கவலை வேண்டாம். வாரம் ஒரு முறை தராசில் வைத்து எடையைக் குறித்து வாருங்கள், எடை இறங்குவது நிற்கும் வரை அறுக்காதீர்கள்.

ஒட்டுகிற முறையிலும் கோளாறு இருக்கலாம். இரும்பைக் கண்ணாடி போல வழவழப்பாக்கி ஒட்டினால் எபாக்சிக்கு, அதாவது இரண்டு பாகம் கலந்து ஒட்டுகிற பசைக்கு, பிடிமானம் இருக்காது. மரம், இரும்பு இரண்டையும் 80-ஆம் எண் உப்புத்தாளால் கீறிவிட்டு, அசிட்டோனால் துடையுங்கள். தேக்கு, தோதகத்தி மாதிரி எண்ணெய்ப் பசையுள்ள மரமானால் இந்தத் துடைப்பை விடவே கூடாது. அப்புறம், கிளாம்ப்பை முழு பலத்தோடு முறுக்கினால் பசை மொத்தமும் வெளியே பிதுங்கிவிடும், ஓரத்தில் மெல்லிய கோடாகக் கசிந்தால் போதும். 24 மணி நேரம் கை வைக்காதீர்கள்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. பிடியை மெஷினில் தேய்க்கும்போது பிடியை அலகோடு இறுக்குகிற பித்தளை ஆணி மரத்தைவிடச் சீக்கிரம் சூடேறும், அந்தச் சூடு ஆணி வழியே நேராக உள்ளே இறங்கிப் பசையை இளக்கும். தேய்த்ததும் ஆணி மேல் விரலை வையுங்கள். வைத்தபடியே இருக்க முடிந்தால் தொடரலாம், சுடுகிறது என்றால் ஆறவிட வேண்டும். கடைசி இழைப்பைக் கையால் செய்வதே என் விருப்பம்.

கேள்வி: எருமைக் கொம்பு, எலும்பு, மான் கொம்பு. எதை எடுக்கலாம்?

பதில்: மூன்றும் மூன்று குணம். எருமைக் கொம்பு நம் நகம் மாதிரி கெரட்டின், மெருகேற்றினால் அப்படி ஒரு கருமை, கண்ணை எடுக்க முடியாது. ஆனால் மரத்தைப் போலவே அதுவும் ஈரத்துக்கு அசையும், வளையும். அதைத் துண்டாக அறுத்துச் சில மாதங்கள் வைத்திருந்து, தட்டையாகவே நிற்கிறதா என்று பார்த்த பிறகு ஒட்டுங்கள். எலும்பு அவ்வளவு அசையாது, அவசரமாகத் துளை போட்டால் விரிசல் விடும். கொழுப்பு முழுக்க நீங்காத எலும்பில் பசையும் நிற்காது. மான் கொம்பும் எலும்புதான், நடுவில் பஞ்சு போன்ற பகுதி இருக்கும், அதை மெல்லிய எபாக்சியால் நிரப்பிக்கொள்ள வேண்டும். மான் தானாக உதிர்த்த கொம்பே ஆனாலும், வைத்திருக்க உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மரத்திலும் இந்தக் கேள்வி உண்டு, தோதகத்திப் பேரினம் முழுவதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தந்தம் வேண்டவே வேண்டாம், பழையது என்று சொல்லி யார் நீட்டினாலும்.

இவற்றின் தூசு எதுவும் நுரையீரலுக்கு ஆகாது. சாதாரணத் துணி போதாது, நல்ல முகமூடி போட்டே தேயுங்கள்.

கேள்வி: பிடியைப் போட்டுவிட்டு அலகைப் பதப்படுத்தலாமா?

பதில்: கூடாது. கார்பன் எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த பிறகு 200 டிகிரி செல்சியஸ் அளவில், இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு முறை சூட்டில் வைக்க வேண்டும். அந்தச் சூட்டை எந்தப் பசையும் கொம்பும் தாங்காது. பிடி எப்போதும் கடைசியில்தான்.

கேள்வி: மரப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய் பூசலாமா?

பதில்: தாராளமாக. மெல்லிசாகப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, காய்ந்ததும் மறுபடி பூசுங்கள். துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது வெப்பம் வெளியிடும், சுருட்டிய துணிக்குள் வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.