ஊரடங்கு முடிந்தும் பயம் விலகவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 44. கொரோனா ஊரடங்கின்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கினேன்; இன்றும் அப்படித்தான். கூட்டத்துக்குள் போனால் நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது. உடனே திரும்பிவிடுவேன். இரவு 2 மணிக்கு முன் தூக்கம் வருவதில்லை. மாத்திரை தேவைப்படுமா?

பதில்: கொரோனாவின் முதல் ஆண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. ஆகவே இது உங்கள் மனபலக் குறைவு என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

தைராய்டு மிகைச் சுரப்பு, ரத்தசோகை, இதயத்துடிப்புக் கோளாறு ஆகியவற்றாலும் படபடப்பு வரும். டி.எஸ்.எச். (தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை), ஹீமோகுளோபின், இ.சி.ஜி. மூன்றையும் முதலில் பார்த்துவிடுங்கள். படியேறும்போது நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ தாமதிக்க வேண்டாம்.

இவை சரியாக இருந்தால், பயத்தை வளர்ப்பது அந்த 'உடனே திரும்பிவிடுவேன்'தான். திரும்பியதும் கிடைக்கும் நிம்மதியை வைத்து, 'வெளியேறியதால்தான் பிழைத்தோம்' என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரம் வந்து நிற்கும்.

நீங்கள் தவிர்க்கும் இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயத்தின் அளவை 0 முதல் 10 வரை குறியுங்கள். 3 அல்லது 4 உள்ள இடத்தில் தொடங்குங்கள். பயம் ஏறும்போது வெளியேறக் கூடாது. பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருங்கள். பெரும்பாலும் 30 முதல் 45 நிமிடம் ஆகும். வாரம் 4, 5 நாள் அதே இடத்துக்குப் போய்ப் பழகியபின் அடுத்ததற்கு ஏறுங்கள்.  வாசலை ஒட்டியே நிற்பது, போனிலேயே கண்ணாக இருப்பது, கிளம்புமுன் தூக்க மாத்திரை போட்டுக்கொள்வது இவையும் தப்பித்தலே. இவற்றால் பயிற்சி பலிக்காமல் போகலாம்.

தூக்கத்துக்கு, படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைப் பிடியுங்கள். விடுமுறையானாலும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரு மணி நேரத்துக்குள் அரை மணி நேரமாவது வெளி வெளிச்சத்தில் நடங்கள். மதியத்துக்குப் பின் காபி, டீ வேண்டாம். கட்டிலில் அமர்ந்து வேலை பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள்.

ஆறு வாரம் முயன்றும் மாற்றம் இல்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பதற்றத்துக்கான மாத்திரைகள் பலன்தரச் சில வாரங்கள் ஆகும். அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. எதிலும் நாட்டமின்மை, சோர்வு, தன்மீதே வெறுப்பு இரண்டு வாரம் நீடித்தால் அந்த ஆறு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கினால், அன்றே ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.