சீரியல் காமெடி சினிமாவுக்குத் தடையா?

சீரியலில் காமெடி அண்ணி வேடம் வந்திருக்கிறது, ஏற்றால் சினிமா வாய்ப்பு போய்விடுமோ என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தேவதர்ஷினியைப் பாருங்கள். 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு', அப்புறம் 'ரமணி வெர்சஸ் ரமணி' என்று சின்னத்திரையில் வளர்ந்தவர். 2003இல் 'பார்த்திபன் கனவு' படத்தில் விவேக்குக்கு ஜோடி. அதற்கு மாநில அரசின் நகைச்சுவை விருதும் கிடைத்தது. 2011இல் 'காஞ்சனா'. அதில் கோவை சரளாவோடு அவர் வரும் காட்சிகளை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். சரளா அம்மா பேசும்போது இவர் கண்ணும் கழுத்தும் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். வசனம் இல்லாத நேரத்திலும் நடித்துக்கொண்டே இருப்பார். என்னைப் பொறுத்தவரை அவரை இத்தனை வருஷம் நிலைக்க வைத்தது இதுதான். 2018இல் '96' படத்தின் சுபா வேடத்தில் சிரிப்போடு கவலையையும் காட்டினாரே!

உங்களுக்கு நிஜமான சிக்கல் தேதிகள்தான். மாதத்தில் எத்தனை நாள் படப்பிடிப்பு, நடுவில் சினிமா வந்தால் விடுவார்களா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே பேசி, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்மொழி உறுதியை மட்டும் நம்பாதீர்கள்.