பில்லில் ‘லைஃப் டைம்’ என்று இருக்கிறது. மென்பொருளோ திறக்க மறுக்கிறது

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் நீதிமன்றத்துக்கு அருகே தட்டச்சு, டி.டி.பி., ஜெராக்ஸ் கடை நடத்தி வருகிறேன். நானும் ஓர் உதவியாளரும் மட்டுமே வேலை பார்க்கிறோம். 2019இல் புதுச்சேரியிலுள்ள ஒரு விற்பனையாளரிடம், தமிழ் எழுத்துருக்களுடன் கூடிய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஒன்றை 38,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பில்லில் ‘லைஃப் டைம் லைசென்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. ஏ.எம்.சி. எனும் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 6,000 ரூபாய். கடைசியாக 2025 ஆகஸ்டில் கட்டினேன். என் கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதில் விண்டோஸ் 11 ஏறாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். நவம்பரில், ‘இனி விண்டோஸ் 11 மட்டுமே’ என்று தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ஜனவரி முதல் வாரத்திலிருந்து மென்பொருளைத் திறந்தால், ‘இந்த இயங்குதளத்துக்கு ஆதரவு இல்லை’ என்று காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. பழைய ஃபைல்கள் எல்லாம் அதில்தான் திறக்கும். மைக்ரோசாஃப்ட், இந்த நிறுவனம், விற்ற கடைக்காரர் ஆகியோரில் யார் மீது வழக்குப் போடுவது? நண்பர் ஒருவர், உரிமப் பூட்டை உடைத்துத் திறக்கும் ‘கிராக்’ போட்டுத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: மைக்ரோசாஃப்ட்டை முதலில் மனுவிலிருந்து விலக்கிவிடுங்கள். விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29 அன்று. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடியும் என்பது அது வெளியான காலத்திலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்பி 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7 2020 ஜனவரி 14 அன்றும் இதே முறையில்தான் முடிவுக்கு வந்தன. ஓர் இயங்குதளத்தை இத்தனை ஆண்டுகள் பராமரித்தே தீர வேண்டும் என்று நிர்ப்பந்திக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளம் தகவல் தருமே தவிர, உரிமையைச் சட்டமாக்கித் தரவில்லை. அமெரிக்காவில் சான் டியேகோ நீதிமன்றத்தில் 2025 ஆகஸ்டில் ஒருவர் விண்டோஸ் 10 விஷயமாக மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தார் என்பது உண்மையே. அதை நம்பிக் கடலூரில் ஒரு மனு எழுத முடியாது.

உங்களுடைய குறை உண்மையில் மைக்ரோசாஃப்ட் பற்றியதே அல்ல. தையல் இயந்திரம் விற்றவர் ‘இனி இந்த மாடலுக்குப் பழுது பார்க்க வர மாட்டேன்’ என்று சொல்வது ஒன்று. இரவில் வந்து ஊசியைக் கழற்றிக்கொண்டு போவது முற்றிலும் வேறொன்று. கூகுள் குரோம் உலாவியின் 109ஆம் பதிப்புதான் விண்டோஸ் 7இல் இயங்கும் கடைசிப் பதிப்பு. 2023 பிப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு அதில் ஏறாது. ஆனால் ஏற்கெனவே கணினியில் இருந்த 109ஐ யாரும் பூட்டிவிடவில்லை. புதிய பதிப்பு தராமல் இருப்பதும், பழைய பதிப்பின் பிழைகளைத் திருத்தாமல் விடுவதும் தயாரிப்பாளரின் வணிக முடிவு. அவற்றை எதிர்த்து வெல்வது கடினம். பணம் வாங்கிக்கொண்டு விற்ற, டிசம்பர் வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை, இணையத்தின் வழியே உரிமத்தைச் சரிபார்க்கும் வசதியைக் கொண்டு ஜனவரியில் முடக்கியது அப்படிப்பட்டதல்ல. உங்கள் மனு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மீதே நிற்க வேண்டும். ‘ஆதரவை நிறுத்திவிட்டார்கள்’ என்று எழுதினால் பாதி வழக்கு அங்கேயே போய்விடும். ‘நான் வாங்கிய பொருளை இயங்கவிடாமல் தடுத்துவிட்டார்கள்’ என்று எழுதுங்கள்.

அடுத்தது, எதிர்தரப்பு வழக்கறிஞர் முதல் வாய்தாவிலேயே எழுப்பப்போகும் ஆட்சேபம்: நீங்கள் சட்டப்படி ‘நுகர்வோர்’தானா என்பது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்கு மட்டுமே ஒருவர் தாமே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதன் விளக்கவுரை கூறுகிறது. இதன் எல்லையை உச்ச நீதிமன்றம் 1995ஆம் ஆண்டு லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் வகுத்தது. அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டாகச் சொல்லும் பொருள்களில் ஒன்று தட்டச்சு இயந்திரம் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம்: பிறருக்குக் கூலிக்குத் தட்டச்சு செய்து தருவது வணிகப் பயன்பாடுதான் என்றாலும், அதையே தன் பிழைப்பாகக் கொண்டு தானே இயக்குபவர் நுகர்வோராகவே கருதப்படுவார் என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்நிலை மாறாது என்றும் நீதிமன்றம் விளக்கியது. மஞ்சக்குப்பத்தில் மனுக்களைத் தட்டச்சு செய்து பிழைக்கும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுதாரணம் கிடைக்காது. பிழைப்புக்காகப் புகைப்படம் அச்சிடும் இயந்திரம் வாங்கியவர்களையும் நுகர்வோர் என்று பாரமவுண்ட் டிஜிட்டல் கலர் லேப் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இதற்கு மாறான ஒரு தீர்ப்பையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஓர் உற்பத்தி நிறுவனம் தன் ஏற்றுமதி, இறக்குமதி ஆவண வேலைகளுக்காக வாங்கிய மென்பொருள் உரிமம் லாபம் ஈட்டும் நடவடிக்கையோடு பிணைந்தது என்பதால், அந்த நிறுவனம் நுகர்வோர் அல்ல என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்தரப்பு அதைக் கட்டாயம் காட்டும். அங்கே வாங்கியது ஒரு கம்பெனி. இங்கே வாங்கியவர் தாமே விசைப்பலகையின் முன் அமர்ந்து வேலை செய்யும் தனிநபர். இந்த வேறுபாடு மனுவிலேயே, உறுதிமொழியோடு, வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். குடும்பத்தின் வருமானம் இந்தக் கடை ஒன்றே என்பது, வேறு கிளை இல்லை என்பது, மென்பொருளை இயக்குபவர் நீங்களே என்பது ஆகிய மூன்றையும் எழுதாமல் விட்டுவிட்டு வாதத்தின்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்து, தோற்றுப்போன மனுக்களை நான் பார்த்திருக்கிறேன். மென்பொருளின் ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரிவரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) எடுத்திருக்கிறீர்களா என்பதையும் உங்கள் கணக்கரிடம் கேட்டுவிடுங்கள். எடுத்திருந்தால் வழக்கு வீழ்ந்துவிடாது, ஆனால் அந்தக் கேள்வி வரும்.

மென்பொருள் ‘பொருள்’ ஆகுமா என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். கடையில் தயார்நிலையில் விற்கப்படும் மென்பொருள் ‘சரக்கு’ என்று டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில் 2004இல், அது விற்பனை வரி வழக்கே ஆனாலும், அரசியல் சாசன அமர்வு தீர்மானித்துவிட்டது. ஏ.எம்.சி. என்பது ஐயமில்லாமல் சேவை.

உண்மையில் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆயுதம் 38,500 ரூபாய் பில் அல்ல. 6,000 ரூபாய் ரசீது. 2025 ஆகஸ்டில் ஓராண்டுக்கான பராமரிப்புக் கட்டணத்தை வாங்கும்போது, இரண்டே மாதங்களில் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடியப்போகிறது என்பது உலகறிந்த செய்தி. மென்பொருளை விற்றுப் பிழைக்கும் ஒரு நிறுவனம் அதை அறியவில்லை என்று சொல்ல இயலாது. உங்கள் கணினியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பதும் அவர்களுடைய உரிமச் சரிபார்ப்பின் வழியே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டார்கள் என்பதைக் காட்டிவிட்டால், நுகர்வோருக்குத் தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடே என்று கூறும் பிரிவு 2(11) நேரடியாகப் பொருந்தும். ‘மைக்ரோசாஃப்ட்டே நிறுத்திவிட்டதால் எங்களுக்கு வேறு வழியில்லை’ என்ற பதில் வரும். விண்டோஸ் 10 நின்றுவிடவில்லை, இயங்கிக்கொண்டேதான் இருக்கிறது. தனிநபர் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் அதற்குக் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்திருக்கிறது. ஆகவே முடக்கியது அவர்கள் எடுத்த முடிவு.

‘லைஃப் டைம்’ என்ற சொல் பெரும் வழக்கைத் தாங்காது. யாருடைய ஆயுள்? வாங்கியவருடையதா, கணினியுடையதா, அந்தப் பதிப்பினுடையதா? ஆவணத்தை எழுதியவர் விட்ட மயக்கத்தை அவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது பழைய விதி. நுகர்வோர் ஆணையங்களும் அப்படிப் பார்ப்பதுண்டு. இருந்தாலும், ஆறு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய பிறகு முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் வேண்டுகோளாக, இப்போதுள்ள கணினியிலேயே மென்பொருள் முன்போல் இயங்குவதற்கான ஆக்டிவேஷனைத் திருப்பித் தர வேண்டும் என்று கேளுங்கள். இயலாவிட்டால் மாற்றாக, ஏ.எம்.சி.யில் மீதமுள்ள மாதங்களுக்கான தொகை, உரிமத்தின் விகிதாசாரத் தொகை, ஜனவரி முதல் ஏற்பட்ட வேலை இழப்பு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். பிரிவு 38(8)இன் கீழ் இடைக்கால உத்தரவும் கோரலாம். ஒரு கீ அனுப்பிவைக்க அந்த நிறுவனத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்பதால், ஆணையம் சமரசத்துக்கு அனுப்பினால் மறுக்காதீர்கள்.

மென்பொருளை நிறுவும்போது நீங்கள் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய உரிம ஒப்பந்தத்தில், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்றும், தகராறு எழுந்தால் வேறு ஏதோ ஒரு நகரத்தில் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்றும் எழுதியிருக்கும். நடுவர் பற்றிய விதியால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடாது என்பது எம்மார் எம்.ஜி.எஃப். வழக்கில் 2018இல் முடிவான விஷயம். ஆனால் நீங்கள் நுகர்வோர் அல்ல என்று முடிவானால் அதே விதி உங்களைக் கட்டிவிடும். ஆகவேதான் மேலே அந்த ஒரு விஷயத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தேன். நியாயமான காரணமின்றி ஒருதலைப்பட்சமாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அனுமதிக்கும் விதி ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று பிரிவு 2(46) சொல்கிறது. அந்த விதியையே செல்லாது என்று அறிவிக்கச் சொன்னால் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடும். அந்த அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. கடலூர்க்காரருக்கு அது சென்னை. கொள்முதல் புதுச்சேரியில் நடந்ததால், வழக்கெழு காரணத்தின் (வழக்குக்கு அடிப்படையான நிகழ்வுகளின்) ஒரு பகுதி அங்கே எழுந்தது என்று காட்டி, பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரி மாநில ஆணையத்துக்கும் போகலாம். ஆறாயிரத்துக்கும் முப்பத்தெட்டாயிரத்துக்கும் அந்த அலைச்சல் தேவையில்லை என்பது என் கருத்து. சேவைக் குறைபாட்டோடு நிறுத்திக்கொண்டு கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யுங்கள். நீங்கள் வசிக்கும் இடத்திலும் தொழில் செய்யும் இடத்திலும் வழக்குத் தொடுக்கப் பிரிவு 34(2) இடம் கொடுக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாயைத் தாண்டாததால் கட்டணம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. தயாரிப்பு நிறுவனம், புதுச்சேரி விற்பனையாளர் இருவரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். பில் போட்டவரை விட்டுவிட்டால் ‘விற்றது அவர்தான்’ என்று நிறுவனம் நழுவப் பார்க்கும். மூன்று மாதங்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாள்காட்டி அப்படிச் சொல்வதில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். ஜனவரியில் திரை மூடிக்கொண்ட நாளிலிருந்து கணக்கிடுங்கள். அதற்கு முன் இருவருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் பதினைந்து நாள் அவகாசத்துடன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்.

சான்றுகளை இன்றே சேகரியுங்கள். மென்பொருள் திறக்க மறுக்கும் காட்சியை, கணினியின் தேதியும் மணியும் தெரியும்படி கைபேசியில் காணொளியாக எடுத்து வையுங்கள். நவம்பரில் வந்த வாட்ஸ்அப்பை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு நில்லாமல், அந்தக் கைபேசியை மாற்றாமலும் அந்த உரையாடலை அழிக்காமலும் வைத்திருங்கள். மின்னணுப் பதிவுகளுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் இப்போது இரண்டு பகுதிகள் கொண்டது: ஒன்றை நீங்களும் மற்றொன்றை ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும், அதை இணைத்துவிடுவது பின்னால் மேல்முறையீட்டில் உதவும்.

கிராக் வேண்டாம். சட்டவிரோத நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துவது, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63பி-யின்படி ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். தொழிலுக்காகப் பயன்படுத்துபவருக்கு அந்தப் பிரிவின் தண்டனைக் குறைப்புச் சலுகையும் கிடையாது. அதைவிட முக்கியமாக, சுத்தமான கையோடு ஆணையத்தின் முன் நிற்கும் உங்களை அது எதிரியின் இடத்தில் நிறுத்திவிடும். அதே சட்டத்தின் பிரிவு 52(1)(ஏஏ) சட்டப்படி வாங்கியவருக்கு ஓர் உரிமையைத் தருகிறது: இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான பாதுகாப்பாக நிரலின் காப்பு நகலை எடுத்துவைக்கலாம். எனவே, உங்கள் கணினியின் ஹார்டு டிஸ்க்கை அப்படியே முழுமையாக நகலெடுத்து வைப்பது குற்றமல்ல.

பழைய கணினியைத் தொடர்ந்து வைத்திருப்பதானால், பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிவு செய்யுங்கள். இல்லையேல் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். நீங்கள் தட்டச்சு செய்யும் மனுக்களில் கட்சிக்காரர்களின் வங்கிக் கணக்கு எண்களும் மருத்துவச் சான்றுகளும் இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 43ஏ, அத்தகைய தகவலைக் கவனக்குறைவாகப் பாதுகாத்து ஒருவருக்கு இழப்பு ஏற்படுத்தும் தனியுடைமைக் கடைக்கும் பொருந்தும். இயங்குதளத்தைப் புதுப்பித்துத் தரும் சாக்கில் உங்கள் மெக்கானிக் அந்தக் கணினியை ஃபார்மட் செய்ய முன்வந்தால், டிஸ்க்கின் நகல் உங்கள் கைக்கு வந்து, அது திறக்கிறது என்று பார்த்து உறுதிசெய்யும்வரை அனுமதிக்காதீர்கள்.