ஹேண்டில் நடுக்கம் வேறு, ஃபுட்ரெஸ்ட் அதிர்வு வேறு

கேள்வி: உச்சிப்புளியில் இருக்கிறேன். என்னுடையது 350 சிசி ஒற்றை சிலிண்டர் டூரிங் பைக், அலாய் வீல், 40,000 கி.மீ. தாண்டிவிட்டது. போன மாதம் முன் டயர் புதிதாகப் போட்டேன். பிறகு பக்கப் பைகளைக் கட்டிக்கொண்டு அரிச்சல்முனை போய் வந்தோம். அதிலிருந்து 60-ஐத் தாண்டினால் ஹேண்டில் நடுங்குகிறது. 80-இல் ஃபுட்ரெஸ்டில் வைத்த கால் மரத்துப்போகிறது. ஒரு மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார், இன்னொருவர் பின் டயரையும் மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வண்டியில் இருப்பது ஒரே கோளாறு இல்லை, இரண்டு. 'வைப்ரேஷன்' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள்.

19 இன்ச் முன்சக்கரம் 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பத்து, பதினோரு சுற்று சுற்றும். அதே நேரத்தில் இன்ஜின் 4,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 66, 67 சுற்று. சக்கரத்தில் கோளாறு என்றால் கை ஆடுவது கண்ணுக்கே தெரியும். இன்ஜின் பக்கத்து அதிர்வு கண்ணுக்குத் தெரியாது, கூச்சமாக ஏறிக் காலை மரக்கடிக்கும். ஆக, ஹேண்டிலுக்கு ஒரு காரணம், ஃபுட்ரெஸ்டுக்கு ஒரு காரணம் என்று பிரித்துத் தேடுங்கள்.

முதலில் பைகளைக் கழற்றிவிட்டு, கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்று பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். பின்பக்கம் பாரம் கூடினாலே முன்பக்கம் லேசாகி ஹேண்டில் ஆடும். ராமேஸ்வரம் போய்த் திரும்பும் வண்டியில் சங்கும் கருவாடும் ஏறாமல் இருக்குமா! சோதனைக்கு அதிகாலையில் மண்டபம் பக்கம் நேரான ரோடு போதும். பாம்பன் பாலம் வேண்டாம், அங்கே பக்கக்காற்றும் ரோட்டு இணைப்புகளும் சேர்ந்து நல்ல வண்டியையே சந்தேகப்பட வைக்கும். தனுஷ்கோடி ரோடும் வேண்டாம், எந்த இடத்தில் மணல் ஏறிக் கிடக்கும் என்று சொல்ல முடியாது.

டாப் கியரில் 70-ஐப் பிடித்து அதிர்வைக் கவனியுங்கள். வேகத்தை மாற்றாமல் ஒரு கியர் குறையுங்கள். அதிர்வின் குணம் மாறினால் அது இன்ஜினைச் சேர்ந்தது. மாறவில்லை என்றால் கிளட்சைப் பிடித்து வண்டியை உருள விடுங்கள். அப்போதும் நடுங்கினால் சக்கரம், டயர், இல்லாவிட்டால் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்). கியர் குறைத்தும் அதிர்வு மாறாமல், கிளட்ச் பிடித்ததும் அடங்கினால் செயின். ஹேண்டிலை விட்டுப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். 60-க்குப் பக்கத்தில் ஆடத் தொடங்கினால் திரும்பப் பிடிப்பதற்குள் கைமீறிவிடும்.

ஹேண்டில் நடுக்கத்துக்கு என் முதல் சந்தேகம் புது டயர் மேல்தான், அதுவும் டயரைவிட அதை மாட்டிய விதத்தின் மேல். ரிம் விளிம்பை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே முங்கியிருந்தால் டயர் அங்கே சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, திரும்பக் காற்றடித்தால் பெரும்பாலும் உட்கார்ந்துவிடும். டயர் கடையில் நின்று இதைப் பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு.

கோடு சரியாக இருந்தால் செண்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கில் ஒரு குச்சியைக் கட்டி அதன் நுனியை ரிம்மை ஒட்டி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் ரிம் பெண்ட் தெரிந்துவிடும். சக்கரம் தானாக நிற்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே இடம் கீழே வந்தால் பேலன்ஸ் இல்லை. டயர் மாற்றும்போது பழைய எடைக்கட்டி விழுந்திருக்கலாம். கையோடு ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று இடித்தால் கோன் செட் லூஸ். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நட்டநடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது, டைட் வைத்துப் பயனில்லை.

இனி ஃபுட்ரெஸ்ட். இங்கே உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குப் பங்கு உண்டு. செயினை ஒவ்வொரு லிங்க்காகப் பாருங்கள். லிங்க்குகளைக் கோத்திருக்கும் சின்னக் கம்பியை (பின்) சுற்றிச் செங்கல் நிறத்தில் பொடி கசிந்திருந்தால் அந்த லிங்க்குக்குள் கிரீஸ் இல்லை, கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் போய்விட்டது. அப்படிப்பட்ட லிங்க் மடங்காமல் விறைத்து நிற்கும். பின்சக்கரத்தைக் கையால் சுற்றி, நான்கைந்து இடத்தில் செயினின் தளர்வை அளந்து பாருங்கள். ஓரிடத்தில் 30 மி.மீ., இன்னோரிடத்தில் 10 மி.மீ. என்றால் செயின் முடிந்தது. அதற்கு எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் கிடையாது, இரண்டு ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். இப்படி இறுகிய செயின் பின்சக்கரம் இரண்டு, இரண்டரை சுற்று சுற்றுவதற்குள் ஒரு தடவை இழுத்து விடும். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது அது கூடுதலாகத் தெரியும்.

அரிச்சல்முனையில் மணலில் இறங்கிய வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. எண்ணெய் போட்ட செயினில் மணல் ஒட்டினால் அது உப்புத்தாள் போல வேலை செய்யும். அதன்மேல் திரும்ப எண்ணெய் விடாதீர்கள். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, துடைத்து, காயவிட்டு அப்புறம் எண்ணெய். பெட்ரோல் ஓ-ரிங்கைக் கெடுக்கும்.

செயின் நன்றாக இருந்து, கியரைக் குறைக்கும்போது அதிர்வு மாறினால்தான் இன்ஜின் பக்கம் போக வேண்டும். அப்போதும் இன்ஜினுக்கு உள்ளே போக வேண்டாம், வெளியே பாருங்கள். இன்ஜினைச் சேசிஸோடு பிடித்திருக்கும் போல்ட்டுகள், சைலன்சர் கிளாம்ப், ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட், எல்லாவற்றையும். கடலோர வண்டிகளில் துரு பிடித்த போல்ட் ஸ்பானரில் இறுக்கமாக இருப்பதுபோலக் காட்டும், ஆனால் பிடிமானம் இருக்காது. ஒவ்வொன்றாகக் கழற்றி, துருவைத் துடைத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக முடுக்கச் சொல்லுங்கள். பலங்கொண்ட மட்டும் முடுக்கினால் துருப்பிடித்த போல்ட் தலை கையோடு வந்துவிடும்.

இன்ஜினைப் பிரிக்கச் சொன்னவரிடம் ஒன்று கேளுங்கள்: வண்டி நிற்கும்போது நியூட்ரலில் முறுக்கினால் அதே அதிர்வு வருகிறதா? இத்தனை போல்ட்டையும் சரிபார்த்த பிறகும் வந்தால் அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது. வராவிட்டால் பிரிக்க விடாதீர்கள். உங்கள் இன்ஜினில் அதிர்வை அடக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை; குறி தப்பிக் கோத்தால் இல்லாத அதிர்வும் புதிதாக வந்துசேரும்.

பின் டயர் பற்றி: நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருந்தாலோ ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தாலோ மாற்றுங்கள், மற்றபடி அவசரமில்லை. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருந்தாலோ சுற்றும்போது கரகரவென்று கேட்டாலோ பேரிங்கில் உப்புத்தண்ணீர் இறங்கியிருக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. மாற்றும் வரை வண்டியை வீட்டில் நிறுத்துங்கள், ராமநாதபுரம் வரை ஓட்டிக்கொண்டு போவதுகூட வேண்டாம், மினி லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.